ரப்பர் மறக்காது

அக்கா போன் செய்து நன்றி சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவள் எனக்கு நன்றி சொல்வது வழக்கமில்லை. சின்ன வயதிலிருந்து எனக்கு அவள் செய்ததையெல்லாம் ஞாபகப்படுத்துவதுதான் வழக்கம்.

"உன் அத்தான் மாறிட்டார்டா," என்றாள். "தங்கமா ஆயிட்டார். நேத்து முழுக்க வீட்லதான் இருந்தார், ஒரு சத்தம் இல்ல. பேப்பர் போடுறவர்கிட்ட சண்டை இல்ல. மாடி வீட்டுக்காரங்க நாற்காலிய இழுத்தாங்க, கூரையப் பார்த்து முறைக்கக்கூட இல்ல. எல்லாம் நீ வாங்கிக் குடுத்த வேலையாலதான்."

"வேலை செஞ்சா களைப்பு வரும்க்கா. களைச்சவனுக்கு எங்க சண்டை வரும்?"

"களைப்பெல்லாம் இல்ல. நல்லா தெம்பாத்தான் இருக்கார். மனசுக்குள்ள ஒரு அமைதி. நீ நல்லா இருப்படா."

நல்லா இருப்பேன் என்று நானும் நம்பினேன். அன்று மதியம் கேன்டீனில் இரண்டு கரண்டி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அத்தானைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் அக்காவின் சந்தோஷம் புரியும். எங்கள் குடும்பத்தில் அவருக்கு 'வக்கீல்' என்று பெயர். சட்டப் புத்தகத்தின் அட்டையைக்கூடப் பார்த்தவரில்லை. ஆனால் லிஃப்டில் 'ஆறு பேர் மட்டும்' என்று எழுதியிருந்தால், எந்த ஆறு பேர், குழந்தை அரை ஆளா முழு ஆளா, என்னை மாதிரி தொப்பைக்காரன் ஒன்றா ஒன்றரையா என்று கதவை மூடவிடாமல் கேட்பார். சொந்தக் கல்யாணத்தில் போட்டோக்காரரிடம் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று வாதாடியதில், ஆல்பம் முழுக்க அவர் மணமகளைப் பார்க்காமல் கேமராவை முறைத்துக்கொண்டிருப்பார். முன்பு மொபைல் ரிப்பேர் கடை வைத்திருந்தார். நல்ல கை. ஆனால் வாடிக்கையாளர் 'தானா ஆஃப் ஆயிடுச்சு' என்று சொன்னால் விடமாட்டார். கக்கூஸில் விழுந்தது என்று அந்த ஆள் தன் வாயால் ஒப்புக்கொள்ளும்வரை போனைத் திறக்க மாட்டார். உண்மையை மதிக்கிற கடை எவ்வளவு நாள் ஓடும்? மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்து அக்காவிடம் வாதாட ஆரம்பித்தார். அதைத் தாங்காமல்தான் அவள் என்னைப் பிடித்தாள். நான் எங்கள் ஆராய்ச்சிக் கம்பெனி டைரக்டரைப் பிடித்தேன்.

என் வேலையைக் கேட்கிற உறவினர்களிடம் 'வாய்க்கால் வெட்டுகிறேன்' என்பேன். பொய்யில்லை. என் வாய்க்கால்கள் தலைமுடி அகலம். உள்ளங்கையில் அடங்குகிற தெளிந்த ரப்பர் பலகை ஒன்று. அதன் அடியில் நான் வரைந்தபடி பள்ளங்கள். அதைக் கண்ணாடித் தகட்டின்மேல் ஒட்டினால் சிப் தயார். ஒரு பக்கத்திலிருந்து ஒரு ரசாயனம் வரும், மறுபக்கத்திலிருந்து இன்னொன்று. இரண்டும் ஒரு முனையில் சந்திக்க, குறுக்கே வரும் எண்ணெய் அவற்றைச் சொட்டுச் சொட்டாக நறுக்கும். ஒவ்வொரு சொட்டும் ஒரு சோதனைக் குழாய். இந்தப் பக்கம் ஆளை மாற்றி, அந்தப் பக்கம் ஆளை மாற்றி, கல்யாணத் தரகர் மாதிரி எல்லோரையும் எல்லோருக்கும் கட்டிவைத்துக்கொண்டே போனால், ஒரு வாரத்தில் ஆயிரக்கணக்கான புது மூலக்கூறுகள் கிடைக்கும். இதற்கு 'நூலகம்' என்று பெயர். மருந்து செய்கிறவர்கள் வாங்கிக்கொண்டு போய் எது எதற்கு உதவும் என்று தேடுவார்கள். அதில் பெரும்பாலானவை அதற்கு முன் இந்த உலகத்திலேயே இருந்தது கிடையாது. இருந்து என்ன செய்யும் என்று அவற்றுக்கே தெரியாது.

சிப்பை முழுக்கக் கண்ணாடியில் செய்ய வேண்டும் என்பது எங்கள் கெமிஸ்ட்ரி மேடத்தின் கட்சி. நான் ரப்பர் கட்சி. கண்ணாடியில் வெட்டி வாங்க வாரக்கணக்கில் ஆகும். ரப்பரென்றால் அச்சில் ஊற்றி, அடுப்பில் வேகவைத்து, மறுநாள் உரித்தெடுக்கலாம். "ரப்பர் ரசாயனத்தக் குடிக்கும் தம்பி," என்று மேடம் சொன்னார். "உள்பக்கம் கண்ணாடிப் பூச்சு குடுத்திருக்கேன் மேடம், குடிக்காது," என்று நான் சொன்னேன். டைரக்டர் என் பக்கம் சாய்ந்தார். சீக்கிரம் முடிகிற பக்கம் எதுவோ அதுதான் அவர் பக்கம்.

சிப்பை உரிப்பது, துளை போடுவது, நூல் போன்ற குழாய்களைச் செருகுவது எல்லாம் அத்தான் பொறுப்பு. கையுறை போட்டால் வழுக்குகிறது என்று கழற்றிவிடுவார். செருக வேண்டிய குழாய்களைத் தையல்காரர் குண்டூசியைக் கவ்விக்கொள்கிற மாதிரி உதட்டில் வரிசையாகக் கவ்விக்கொள்வார். கழுவி, காயவைத்து, திரும்பவும் எடுக்கிற குழாய்கள்தான். பார்த்தால் பளபளவென்று சுத்தமாக இருக்கும். மேடம் ஒருமுறை அதட்டினார். குழாயை வாயில் வைத்துக்கொண்டே அத்தான் சட்டம் பேசினார். ஒரு வார்த்தை புரியவில்லை. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். நானும்தான்.

*

ஒரு நாள் நான் வரைந்த சிப் ஒன்றில் வெளியேறும் துளையை மறந்துவிட்டேன். உள்ளே போக வழி உண்டு, வெளியே வர வழி இல்லை. இப்படி ஒரு தப்பு கிடைத்தால் அத்தானுக்குத் திருவிழா. பேப்பரைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி டைரக்டர் அறைவரை ஊர்வலம் போவார். வழியில் கூட்டிப் பெருக்குகிறவர்களிடம்கூட விளக்கம் சொல்வார்.

அன்று ஊர்வலம் வரவில்லை. நான் அவர் மேசைக்குப் போனபோது அந்தச் சிப்பைச் செய்து, ஒட்டி, குழாய் செருகி, ஊசியால் சாயத்தண்ணீரை அழுத்திக்கொண்டிருந்தார். போக வழியில்லாமல் ரப்பர் தவளை மாதிரி உப்பியிருந்தது. அவர் மேலும் அழுத்தினார். படக்கென்று வெடித்து நீலச் சாயம் அவர் முகமெல்லாம் அடித்தது.

"அத்தான்! துளையே இல்லையே, பார்க்கலையா?"

"பார்த்தேன் மச்சான்."

"அப்புறம் ஏன் செஞ்சீங்க?"

"நீ வரைஞ்சிருந்தியே," என்றார். நீலம் வழிகிற முகத்தில் ஒரு சிரிப்பு. கோபத்தை மறைக்கிற சிரிப்பு இல்லை அது. உள்ளே மறைக்க ஒன்றுமில்லாத சிரிப்பு.

ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? தப்பு யாருக்கும் தெரியாமல் போனதே என்று படத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். இப்படித்தான் என் புத்தி வேலை செய்யும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். வாசலில் செருப்பைக் கழற்ற இடமில்லை. தண்ணீர் வடிகட்டும் கருவிப் பெட்டிகள் மூன்று, ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.

"எதுக்குக்கா மூணு?"

"மூணு ஆளுங்க வந்து வித்தாங்கடா. மூணு பேருக்கும் சரின்னுட்டார்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் போனில் இருந்த குரல் இல்லை. "பக்கத்து வீட்டுக்காரர் நம்ம வாசல்ல கார நிறுத்திக்கவான்னு கேட்டிருக்கார். அதுக்கும் சரி. இப்ப நாங்க உள்ள வரணும்னா ஒருக்களிச்சு வரணும்."

"முன்னாடி சண்டை போட்டாருன்னு அழுத."

"இப்ப அழலையே," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனாள்.

நானும் பின்னால் போனேன். அத்தான் அடுப்பருகே நின்றார். அக்கா பால் பாத்திரத்தை இறக்கித் துணியோடு அவரிடம் நீட்டி, "கொஞ்சம் பிடிங்க," என்றாள். துணி நழுவிக் கீழே விழுந்தது. அவர் பாத்திரத்தை வெறுங்கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கேன்டீன் சமையல்காரரைப் பற்றி ஒரு ஜோக் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா சிரித்தாள். அவரும் சிரித்தார். ஏதோ தீய்கிற வாசம் வந்தது. பால் என்றுதான் நான் நினைத்தேன்.

அக்கா திரும்பிப் பார்த்து அலறினாள். "கீழ வைங்க! வைங்க அத!"

வைத்தார். உள்ளங்கைத் தோல் பாத்திரத்தோடு கொஞ்சம் போயிற்று.

"ஏங்க, வலிக்கலையா?"

"வலிச்சுது," என்றார், அவளைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. "நீ பிடிங்கன்னு சொன்னியே."

குழாயைத் திறந்துவிட்டு அவர் கையை அதன்கீழ் பிடித்தபடி அக்கா நின்றாள். தண்ணீர் ஓடுகிற சத்தத்தில் அவள் என்னிடம் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். "இது அவர் இல்லடா. அவர எனக்குத் திருப்பிக் குடு."

*

அக்கா அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். ரத்தப் பரிசோதனை, தலை ஸ்கேன் எல்லாம் நல்லபடியாக இருந்தன. டாக்டர், "உங்களுக்கு ஏதாவது கஷ்டம் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். "இல்லீங்க." "இருக்குமே, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." "இருக்குங்க." டாக்டர் இரண்டையும் எழுதிக்கொண்டு, இப்படி ஒரு கணவர் கிடைக்க அக்கா கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் மேடத்திடம் போனேன். மூலக்கூறுகளை எடைபோட்டுச் சொல்கிற இயந்திரம் அவர் பொறுப்பில்தான் இருந்தது. கழுவி, காயவைத்து, பளபளவென்று இருந்த ஒரு சிப்பையும் அத்தானின் மேசையிலிருந்து ஒரு பிடி குழாய்களையும் எடுத்துக்கொண்டோம். அவற்றின் வழியாக வெறும் கரைப்பானை மட்டும் மெதுவாக விட்டு, வெளியே வருவதை எடை போட்டோம். ஒன்றும் வரக்கூடாது. திரை மொட்டையாக, தட்டையாக இருக்க வேண்டும்.

திரையில் ஒரு முள் எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு முள்ளம்பன்றி சிலிர்த்த மாதிரி திரை முழுக்க முட்கள்.

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க பூச்சு வெடிச்சிருக்கு தம்பி. உள்ள ஓடினது எல்லாத்தையும் ரப்பர் குடிச்சு வெச்சிருக்கு. நாம கழுவுறோம். அது மறக்க மாட்டேங்குது. கொஞ்சம் சூடு பட்டா, கொஞ்சம் ஈரம் பட்டா திருப்பிக் குடுக்குது."

உதட்டின் சூடு. வாயின் ஈரம்.

"இதுல எது மேடம் அவர இப்படி ஆக்கினது?"

"எப்படிச் சொல்றது? இதுல பாதிக்குப் பேரே கிடையாது. ஒண்ணோ, பத்து சேர்ந்தோ."

"போயிடுமா?"

"ரப்பர்ல இருந்து மெதுவா போகுது இல்ல? நம்ம உடம்புலயும் கொழுப்பு இருக்கு. அதுவும் இப்படிக் குடிச்சு வெச்சிருக்கும். புதுசா எதுவும் உள்ள போகலைன்னா ஒருவேளை மெதுவா வடியலாம்." அந்த 'ஒருவேளை'யை அவர் என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார். "மொதல்ல அவர அந்த மேசையில இருந்து எழுப்புங்க."

டைரக்டரிடம் போனேன். அவர் பதறுவார், மேசைக்குச் சீல் வைப்பார், என்னை வேலையைவிட்டுத் தூக்குவார் என்று எல்லாவற்றுக்கும் தயாராகப் போனேன். வேலையைவிட்டுத் தூக்கினால் சொல்ல ஒரு பதிலைக்கூட ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் எதையும் செய்யவில்லை. முழுவதையும் கேட்டார். பால் பாத்திரம் வந்த இடத்தில் மட்டும், "இன்னொரு தடவ சொல்லுங்க," என்றார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார்.

"இத வேற யார்கிட்ட சொன்னீங்க?"

"மேடத்துக்குத் தெரியும்."

"அவரைக் கூப்பிடுங்க. மேடத்த இல்ல, உங்க அத்தான."

அத்தான் கட்டுப்போட்ட கையோடு வந்து நின்றார். டைரக்டர், "உட்காருங்க," என்றார். உட்கார்ந்தார். "நீங்க நம்ம முக்கியமான ஆளு. அதே மேசையிலேயே இருக்கணும். அதே குழாய், அதே பழக்கம். வாரா வாரம் கொஞ்சம் ரத்தம் எடுப்போம். சம்மதம்தானே?"

"சரிங்க."

"அத்தான், வேண்டாம். எழுந்திருங்க, வீட்டுக்குப் போகலாம்," என்றேன் நான்.

"சரி மச்சான்." எழுந்தார்.

"உட்காருங்க," என்றார் டைரக்டர்.

உட்கார்ந்தார்.

"எழுந்திருங்க அத்தான்!"

எழுந்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், யாருக்கும் மனம் கோணக் கூடாதே என்கிற கவலையோடு. டைரக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெட்ட மனிதர் இல்லை அவர்; பொம்மைக் கடையில் நிற்கிற குழந்தையின் சிரிப்பு அது. "உங்க கடிகாரத்தக் கழட்டித் தாங்க," என்றார். அத்தான் கழற்றி நீட்டினார். அக்கா கல்யாண நாளுக்கு வாங்கிக் கொடுத்த கடிகாரம். டைரக்டர் வாங்கி, திருப்பிப் பார்த்து, மேசையில் வைத்தார். "பாருங்க தம்பி," என்று என்னிடம் மெல்லச் சொன்னார். "ஜெயில்ல, பள்ளிக்கூடத்துல, பைத்தியக்கார ஆஸ்பத்திரியில... எத்தன பேர் இதுக்குக் காத்திருக்காங்க தெரியுமா?"

அந்தக் குரலில் இருந்த மரியாதைதான் என்னை உலுக்கியது. கடிகாரத்தை எடுத்துக்கொண்டு அத்தானின் நல்ல கையைப் பிடித்து இழுத்தேன். முதுகுக்குப் பின்னால் டைரக்டர் எதுவும் சொல்லிவிடக்கூடாதே என்று படிக்கட்டுவரை வாய்க்கு வந்ததைச் சத்தமாகப் பேசிக்கொண்டே போனேன். நினைத்தால் கேவலமாக இருக்கிறது. ஒரு மனிதனைக் காப்பாற்ற நான் அவர் காதில் சினிமா நடிகைகளைப் பற்றிக் கத்திக்கொண்டு ஓடினேன்.

அவரை வீட்டில் விட்டதும் திரும்பிவந்து அச்சுகளை உடைத்தேன். என் வாழ்க்கையில் செய்த ஒரே வீரச்செயல். பெரிய சத்தமெல்லாம் வரவில்லை. அப்பளம் மாதிரி நொறுங்கின. டைரக்டர் வாசலில் நின்று பார்த்தார். கோபமே இல்லை.

"வரைபடமெல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கே தம்பி," என்றார். "எல்லாத்தையும் எவ்வளவு ஒழுங்கா சேமிச்சு வெச்சிருக்கீங்க. நான் பல பேருக்கு உங்களத்தான் உதாரணம் சொல்வேன்."

வேலையை விடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். "விட்டுட்டுப் போங்க. ஆனா போயிட்டீங்கன்னா, இங்க என்ன நடக்குதுன்னு உங்க அக்காவுக்கு யார் சொல்லுவா?" நான் விடவில்லை. மேடம் விட்டுவிட்டார். அவருக்கு என்னைவிட முதுகெலும்பு கெட்டி.

*

அத்தானைக் காப்பது பச்சைக் குழந்தையைக் காப்பதைவிடக் கஷ்டம். குழந்தைக்கு 'மாட்டேன்' என்று சொல்லத் தெரியும். அக்கா அழைப்புமணியின் ஒயரைப் பிடுங்கினாள். அவர் போனை அரிசி டின்னுக்குள் போட்டாள். வீட்டு நம்பருக்கு டைரக்டர் கூப்பிட்டால், "தூங்கறார்," என்பாள். அத்தானோ எதிரில் உட்கார்ந்து, தூங்கச் சொன்னார்களோ என்று கண்ணை மூடிக்கொள்வார்.

அவளுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. தான் சொல்வது எல்லாமே கட்டளையாகிவிடுகிறது என்று. "சாப்பிடுங்க" என்று சொன்னால், போதும் என்று சொல்லும்வரை சாப்பிடுகிறார். அதனால் பேசுவதையே குறைத்தாள். ஒரு நாள் நான் போனபோது அவர் எதிரில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"உங்க அம்மா என்னை ரொம்பக் கொடுமப்படுத்தினாங்க. ஆமாவா இல்லையா?"

"ஆமா."

"இல்ல! இல்லன்னு சொல்லுங்க! பதினஞ்சு வருஷமா இல்லன்னுதானே சண்டை போட்டீங்க? உங்க தங்கச்சி வளையல நான்தான் எடுத்தேன்னு சொன்னீங்களே, அது?"

"அது தப்புதான்."

"தப்பு இல்லங்க. நான்தான் எடுத்தேன்." அக்கா தரையில் உட்கார்ந்து புடவைத் தலைப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அழாதே என்றுகூடச் சொல்லவில்லை. அவளுக்கு அழ வேண்டும் போலிருக்கிறது, சரி என்று விட்டுவிட்டார். நான் சொல்வதற்கு ஒரு ஜோக் தேடினேன். கிடைக்கவில்லை.

வாரங்கள் போயின. மேடம் சொன்ன 'ஒருவேளை' கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. ஒரு காலை அக்கா போன் செய்தாள். மூச்சு வாங்கினாள்.

"டேய், கேளு, கேளு," என்று போனைக் கூடத்துப் பக்கம் நீட்டினாள். தூரத்தில் அத்தானின் குரல்: "மூணு வடிகட்டி வித்தீங்களே, ஒரு வீட்ல எத்தன வாய் இருக்குன்னு கேட்டீங்களாய்யா? இல்ல நான் கேக்கறேன், சட்டம் என்ன சொல்லுது..."

"ஒரு மணி நேரமா அந்தக் கம்பெனிக்காரன விடாம பிடிச்சு வாங்குறார்டா," என்றாள் அக்கா. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. அன்று வேலைக்குப் போகவில்லை. நேரே அங்கேதான் போனேன்.

போனபோது தெருவில் எங்கள் கம்பெனி கார் நின்றது. உள்ளே டிரைவர். உள்ளே ஓடினேன். அத்தான் சட்டையை மாட்டிப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார். தழும்பான கையால் போட வராமல், பித்தானைத் திட்டிக்கொண்டே போட்டார்.

"போன் பண்ணினாங்களா? போகாதீங்க அத்தான். இப்ப உங்களால முடியும். முடியாதுன்னு சொல்லிடுங்க."

"அவங்க பண்ணல. நான்தான் பண்ணினேன்," என்றார். "வடிகட்டிக்காரன்கூட முடிச்சதும் உங்க டைரக்டருக்குப் போட்டேன்."

அக்கா சமையலறை வாசலில் நின்றாள். சிரிப்பு இன்னும் முகத்தில் பாதி இருந்தது, அணைக்க மறந்த விளக்கு மாதிரி.

"ஏன்?" என்றேன்.

"உட்காரு. ரெண்டு பேரும் கேளுங்க. நடுவுல பேசக்கூடாது." பழைய வக்கீல் குரல். "எனக்குக் காலையில கண்ணு முழிக்கறதுக்கு முன்னாடியே நெஞ்சுக்குள்ள ஒருத்தன் எழுந்து உட்காருவான். இன்னைக்கு யார்கூடன்னு கேப்பான். பல்லு விளக்கும்போதே ஒருத்தன வெட்டிட்டு இருப்பேன், மனசுக்குள்ள. நீங்கள்லாம் வேடிக்கையா வக்கீல்னு பேர் வெச்சீங்க. சிரிச்சேன். எனக்கு அது வேடிக்கை இல்ல. நாப்பது வருஷமா அந்த ஆளோட குடும்பம் நடத்துறேன். அந்தச் சில மாசம் அவன் வரவே இல்ல மச்சான். அவ்வளவு அமைதியா இருந்துச்சு, நான் சுவத்தப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பேன், அதுவே போதும்னு இருக்கும். இன்னைக்குக் காலையில அவன் திரும்பி வந்துட்டான்."

"உங்க கை வெந்துச்சே," என்றாள் அக்கா.

"வெந்துச்சு. அதுக்கும் கோபம் வரல."

"சுயபுத்தி இல்லாம ஒருத்தன் சொல்றதுக்கெல்லாம் ஆடணுமா? நான் விட மாட்டேன்."

"நீ யாருடி விடறதுக்கு? என் உடம்பு, என் நெஞ்சு. அன்னைக்கு அந்த ஆள் கேட்டப்ப நான் தலையாட்டினது செல்லாது. ஒத்துக்கறேன். எனக்கு அப்ப இல்லன்னு சொல்லத் தெரியாது. இன்னைக்குத் தெரியும். தெரிஞ்சவன் சொல்றேன், சம்மதம். இத எந்தக் கோர்ட்லயும் வெச்சு நிரூபிப்பேன். தப்பு இருந்தா சொல்லு."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். உங்களுக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது என்றேன். எனக்கு இப்போது என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்று யாருக்குத் தெரிந்தது என்றார். உங்களை வைத்து ஊரையே அப்படி ஆக்குவார்கள் என்றேன். அச்சை உடைத்தாயே, கம்ப்யூட்டரை ஏன் உடைக்கவில்லை என்றார். அக்காவை நினைத்துப் பாருங்கள் என்றேன். அதற்கு மட்டும் கொஞ்சம் தயங்கினார். "அவளும்தானே சந்தோஷமா இருந்தா," என்றார். "உனக்குப் போன் பண்ணி நன்றி சொன்னாளே."

அவரோடு வாதாடி இதுவரை யாரும் ஜெயித்ததில்லை. அக்கா மெல்ல உள்ளே போய் மதியச் சாப்பாட்டைக் கட்டிக் கொண்டுவந்தாள். பையை அவர் கையில் கொடுக்கும்போது, "பிடிங்க," என்று சொல்லாமல் கொடுத்தாள்.

நானும் காரில் ஏறிக்கொண்டேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. சீட் பெல்ட் கழுத்தை அறுக்கிறது என்று அத்தான் ஆரம்பித்தார். டிரைவர் எதற்கு இந்தத் தெருவில் திருப்பினார், நேரே போனால் என்ன என்றார். "அண்ணே, மேம்பாலத்துப் பக்கம் சுத்திப் போங்க," என்று நான் டிரைவரிடம் சொன்னேன். "அது சுத்து, எவன் சொன்னான் அது குறுக்குவழின்னு?" என்று அத்தான் பிடித்துக்கொண்டார். பாலம் கட்டினவர்கள், சிக்னல் வைத்தவர்கள், முன்னால் போன லாரிக்காரர் ஒருவரும் தப்பவில்லை. அவர் வாதம் நின்றுவிடக் கூடாதே என்று நான் நடுநடுவே தப்புத்தப்பாக ஏதாவது எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில் அவர் என் தொடையில் ஓங்கித் தட்டி, "உனக்கு ஒரு மண்ணும் தெரியாது மச்சான்," என்றார். ஆமாம் என்றேன்.

ஆராய்ச்சிக் கட்டடத்தின் மாடி ஜன்னலில் டைரக்டர் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அத்தானின் மேசை விளக்கு எரிந்தது. யாரோ அதைச் சுத்தம் செய்து, குழாய்களை வரிசையாக அடுக்கி வைத்திருக்க வேண்டும்.

வாசலில் காவலாளி சாப்பாட்டுப் பையைத் திறந்து காட்டச் சொன்னார். புது விதியாம். அத்தான் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "சோத்தத் திறந்து பாக்கறதுக்கு எந்தச் சட்டத்துல இடம் இருக்கு? எழுத்துல காட்டு. உன் மேலதிகாரியக் கூப்பிடு. அவருக்கு மேல இருக்கறவரையும் கூப்பிடு." பின்னால் வருகிறவர்கள் நின்று வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்கள். நான் படியில் உட்கார்ந்துகொண்டேன்.

காவலாளி என்னைப் பார்த்துக் கெஞ்சினார். "சார், நீங்களாவது கொஞ்சம் சொல்லுங்களேன் இவருக்கு."

"நீங்களே பேசுங்க," என்றேன். "அவசரமே இல்ல."